காட்டைக் காப்பவருக்குக் கூலி உண்டா?



பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று பார்த்தால், வாவிக் கரையில் கண்டலும் கண்ணாவும் தில்லையும் பச்சை வேலிபோல நிற்பதைக் காணலாம். அந்தக் கரையில் நடந்த கூட்டமொன்றில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: “சுவாமி, கண்டலை வெட்டாதீங்க எண்டு எல்லாரும் சொல்றாங்க. வெட்டாம இருந்தா எங்கட அடுப்பு எப்பிடி எரியும்?”

இது நியாயமான கேள்வி. இன்றைய பாடம் அதற்கு விடை தேடுகிறது.

1. கண்டல் செய்யும் வேலை

இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் கண்டல் வேர்களுக்கிடையில் ஒதுங்கி வளர்கின்றன. இது மீனவருக்குக் கிடைக்கும் பயன். விவசாயிக்கு என்ன? கண்டல் கரை மண்ணைப் பிடித்து வைக்கிறது. அலையின் வேகத்தைத் தணிக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்து கிணறும் வயலும் உவரானதை வாகரைப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேலும், கண்டல் காற்றிலுள்ள காபனை எடுத்துச் சேற்றுக்குள் சேர்த்து வைக்கிறது. அதன் பயன் உலகம் முழுவதற்கும் போகிறது.

ஆகவே பயன் பெறுவோர் பலர். விறகையும் வேலித் தடியையும் விட்டுக்கொடுப்பதோ பக்கத்திலிருக்கும் ஏழைக் குடும்பம். பயன் பெறுபவர் காப்பவரின் செலவில் பங்கேற்க வேண்டும். காட்டைக் காக்கும் மக்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டங்களுக்கு அடிப்படை இதுவே. அது தானமல்ல, செய்த வேலைக்கான கூலி.

2. மூன்று நாடுகளின் அனுபவம்

கொஸ்தாரிக்கா: இந்நாடு 1996இல் வனச் சட்டமொன்றை இயற்றியது. காடழிப்பைத் தடை செய்ததோடு, எரிபொருள் வரியில் ஒரு பகுதியை எடுத்துக் காட்டைக் காக்கும் காணிக்காரருக்குக் கொடுக்கத் தொடங்கியது. நாட்டின் காடு மீண்டும் பெருகியது. ஆனால் ஆரம்ப காலத்தில் காணி உறுதி இல்லாத சிறு விவசாயிகள் பலர் திட்டத்துக்குள் வர முடியவில்லை.

கென்யா: காசி விரிகுடாவில் இரண்டு கிராமங்களின் மக்கள் 117 ஹெக்டேயர் கண்டலைக் காக்கிறார்கள். காடு அரசாங்கத்தினுடையது, ஆனால் மக்களுக்கும் வன இலாகாவுக்கும் இடையில் எழுத்திலான உடன்படிக்கை உண்டு. 2013 முதல், கண்டல் சேர்த்து வைக்கும் காபனுக்காக வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. குடிநீருக்கும் பாடசாலைப் புத்தகங்களுக்கும் அது செலவாகியுள்ளது.

இலங்கை: 2015 மே மாதத்தில் சுதீசா என்னும் சிறு மீனவர் அமைப்பும், அமெரிக்காவிலுள்ள சீகோலொஜி நிறுவனமும், அரசாங்கமும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1,500 கிராமங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் கொடுப்பது. பதிலாக ஒவ்வொரு கிராமமும் சராசரி 21 ஏக்கர் கண்டலைக் காப்பது. இதுவே ஏற்பாடு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி கையில் தங்கும். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நுண்கடனால் நொந்த நம் பெண்கள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிவார்கள்.

3. நடுவதா, காப்பதா?

சுனாமிக்குப் பின் நம் கரையோரங்களில் கண்டல் நடுவதற்குப் பெரும் பணம் வந்தது. நாட்டில் அவ்வாறு நட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில், தப்பியது 200 ஹெக்டேயரை அடுத்த அளவே. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காததும், மாடுகள் மிதித்ததும் காரணங்கள். நட்ட கன்றை எண்ணிக் காசு கொடுத்தால் கன்று நடப்படும், காடு வளராது. நிற்கும் காட்டைக் காப்பதற்கே கூலி வேண்டும். அதுவும் ஒரே நாளில் அல்ல, ஆண்டுதோறும் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

4. உரிமை முதலில், பணம் பிறகு

மேற்கண்ட அனுபவங்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றன: உரிமை யாரிடமோ, கூலியும் அவரிடமே போகிறது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஆபத்து இங்கேதான். 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேசமே வெறுமையானது. பெயர்ப்பட்டியல் எழுதும் நாளில் ஊரில் இல்லாதவர் பட்டியலிலும் இருக்கமாட்டார். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஆளில்லாமல் கிடந்த வயலும் சேனையும் பற்றையாகி, பின்னர் காடென்று எல்லை போடப்பட்ட கதை வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. காட்டைக் காக்கும் திட்டம் நம் வயலைப் பறிக்கும் திட்டமாகிவிடக் கூடாது.

ஆகவே எந்தத் திட்டத்திலும் கையெழுத்து வைக்க முன் நான்கு காரியங்களைக் கேளுங்கள்:

அ) காடு எது, வயல் எது என்று ஊர் மக்கள் முன்னிலையில் எல்லை நடந்து பார்க்கப்பட்டதா? கிராம சேவையாளரும் வன இலாகாவும் அதை எழுத்தில் ஏற்றார்களா?
ஆ) திரும்பி வராத குடும்பங்களுக்கும் விதவைகளுக்கும் காணியற்றோருக்கும் பங்கு உண்டா?
இ) தருவது கூலியா, கடனா?
ஈ) விறகுக்கு மாற்றுவழி என்ன? காய்ந்த கொப்புகளை எடுக்க உரிமை உண்டா?

பழைய உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு எதுவாயினும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

5. இறைவார்த்தையின் ஒளியில்

தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் இறைவன் மனிதரிடம் ஒப்படைத்தார் (தொடக்க நூல் 2:15). பண்படுத்தலும் பாதுகாத்தலும் ஒரே கட்டளை. உழுபவனை விரட்டிவிட்டுக் காட்டைக் காப்பது அதில் பாதிதான். நாபோத்துக்கு ஆகாபு அரசன் நல்ல விலை பேசினான்; முன்னோரின் உரிமைச் சொத்தை நாபோத்து விற்கவில்லை (1 அரசர் 21). காபனை விலைபேசி விற்பது புதுவிதச் சூதாட்டமாகிவிடலாம் என்று திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில் எச்சரித்தார்.

அந்தத் தாய்க்கு எமது விடை இதுதான்: அம்மா, கூலி கேட்பது உங்கள் நியாயம். ஆனால் தனியே கேட்காதீர்கள், சங்கமாகக் கேளுங்கள். முதலில் காணியைக் கேளுங்கள், பிறகு கூலியைக் கேளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எங்கள் ஊர்க் கண்டலால் பயன் பெறுவோர் யார்? அதற்காக இழப்பவர் யார்?
2. நாம் இடம்பெயர்ந்த காலத்தில் எந்த வயல்கள் பற்றையாயின? அவற்றின் பத்திரங்கள் யாரிடம் உள்ளன?
3. நாளை ஒரு திட்டம் வந்தால், பட்டியலில் விடுபடக்கூடிய குடும்பங்கள் எவை? அவர்களுக்காக யார் பேசுவது?