வீட்டிலேயே தொம்பைப் பட்டறை: ஜவுளி வியாபாரிகள் கவனத்துக்கு

திருக்கடையூரில் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிற ஊர்களில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். இங்கே அப்படியில்லை. அறுபதாம் கல்யாணமும், எழுபதுக்குரிய பீமரத சாந்தியும், எண்பதுக்குரிய சதாபிஷேகமும் அவரவர் பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஒட்டி நடப்பவை. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலும் மார்கழியில் பிறந்தவருக்கு மார்கழியிலும் நடத்தியாக வேண்டும். ஆகவே அமிர்தகடேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் ஆண்டு முழுவதும் மாலையும் மேளமும் உண்டு.

ஆனால் அந்த மண்டபங்களின் அலங்காரத்தைப் பாருங்கள். பளபளக்கும் நைலான் திரைகள், வழுக்கும் சாட்டின் சுருக்குகள், அச்சடித்த பிளாஸ்டிக் பேனர்கள். பெரும்பாலும் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. அலங்காரக் காண்டிராக்டர் வேனில் கொண்டுவந்து கட்டி, மாலையில் அவிழ்த்துக்கொண்டு போகிறார். தெருவில் நான்கு ஜவுளிக் கடைகள் இருந்தும் ஒரு மீட்டர் துணிகூட நம் கடைகளிலிருந்து போவதில்லை. தஞ்சைச் சீமைக்கே பெயர் வாங்கித் தந்த துணி அலங்காரத் தொழில் ஒன்று இருக்க, இந்த நிலை தேவைதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொம்பை, தோரணம், அஸ்மானகிரி

ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறத் துணியை உருவமாக வெட்டி வைத்துத் தைப்பதே இந்த ஒட்டு வேலை. தேரிலும் சுவாமி புறப்பாட்டிலும் மண்டப வாசலிலும் குழாய் போலத் தொங்குவது தொம்பை. நிலைக்கு மேலே குறுக்காகக் கட்டுவது தோரணம். தலைக்கு மேல் விதானமாகக் கட்டுவது அஸ்மானகிரி. 'ஆஸ்மான்' என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் ஆகாயம். மராட்டியர் ஆண்ட தஞ்சையில் அந்தச் சொல் வந்து தங்கிவிட்டதில் வியப்பில்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பச்சை என அழுத்தமான நிறங்கள்; யாளி, கிளி, மயில், தாமரை என்று தூரத்திலிருந்தே தெரியும் உருவங்கள். ஒடிசாவில் பூரிக்குப் பக்கத்திலுள்ள பிப்பிலி என்னும் ஊர், ஜகந்நாதர் தேருக்கான இதே மாதிரி வேலையை வைத்தே கடைவீதி முழுவதும் பிழைக்கிறது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டி காந்தா என்னும் போர்வை செய்கிறார்கள். குளிர் நாடுகளில் பஞ்சு வைத்துத் தைக்கும் மெத்தைப் போர்வைக்காக வீட்டில் ஓர் அறையையே ஒதுக்குவது வழக்கம். நம் டெல்டாவில் அந்தப் போர்வையை யாரும் போர்த்திக்கொள்ள முடியாது. தொம்பைதான் நமக்கேற்ற சரக்கு. ஆனால் அறை அமைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

கடையில் மீந்து கிடக்கும் கட்பீஸ்களை ஆண்டுக்கொரு முறை எடை போட்டுத் தள்ளிவிடும் ஜவுளிக் கடைக்காரர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். அந்தத் துண்டுகள்தான் தொம்பையின் கிளியும் தாமரையும்.

அறை

பழைய ஓட்டு வீடாக இருந்தால் முற்றத்தை ஒட்டிய கூடமே போதும். வெளிச்சம் வடக்கிலிருந்து வருவது நல்லது. தெற்கு, மேற்கு வெயில் நேரே விழுந்தால் துணி வெளுக்கும், கண்ணும் கூசும். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேர் தாராளமாக வேலை செய்யலாம். மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பெரிய விதானம் தைக்கும்போது துணி மெஷினுக்கு இடப்புறமும் பின்புறமும் போய் விழ இடம் வேண்டும். அங்கே ஒரு சுத்தமான பாயையோ ஜமுக்காளத்தையோ விரித்துவிட்டால் துணி அழுக்காகாது.

வெட்டும் மேசையில் சிக்கனம் வேண்டாம். தரையில் குனிந்து வெட்டுகிறவர் ஒரு மாதத்தில் இடுப்பு வலியோடு தொழிலை விட்டுவிடுவார். நின்றபடி வெட்டுவதற்கு மேசை இடுப்புக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 36 அங்குல உயரம் இருக்க வேண்டும். அகலம் நான்கு அடி இருந்தால் 44 அங்குலத் துணி முழுதாக விரியும். இடம் இல்லாத வீட்டில் பழைய கதவு ஒன்றை இரண்டு மரக் கால்களின்மேல் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம்.

மெஷின்

புதிதாகத் தொடங்குபவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் தள்ளிவிடுவது விலை உயர்ந்த எம்பிராய்டரி மெஷினை. அது இப்போது வேண்டியதில்லை. காலால் மிதிக்கும் சாதாரண மெஷின் ஒன்றும், ஓரம் அடைக்க ஜிக்ஜாக் மெஷின் ஒன்றும் போதும். மின்சாரம் நின்றாலும் மிதி மெஷின் ஓடும். மழைக் காலத்தில் இது சிறிய விஷயமல்ல. பவர் மெஷின் வாங்குவோர் கிளட்ச் மோட்டாரை விட்டு சர்வோ மோட்டார் கேட்டு வாங்க வேண்டும். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே சுற்றும்.

சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, நான்கு மடிப்புச் சேரும் இடத்துக்கு 16-ஆம் நம்பர். கடல் சில மைல் தொலைவில் இருப்பதால் உப்புக் காற்றில் ஊசியும் கத்தரியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் விடும் கறை எளிதில் போகாது. இரவில் மெஷினைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணி போட்டு மூட வேண்டும். மறுநாள் வேலையை ஒரு கழிவுத் துணியில் தைத்துப் பார்த்தே தொடங்க வேண்டும்.

துணியும் வளையமும்

இங்கேதான் பலருக்கு நஷ்டம் வருகிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்லலாம்.

தொம்பையின் சுற்றளவு வளையத்தின் விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. 36 அங்குலப் பன்னாத் துணியில் இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் மிஞ்சுவது 35 அங்குலம். அதை 3.14-ஆல் வகுத்தால் 11 அங்குலத்துக்குச் சற்று மேல். எனவே 11 அங்குல வளையம் என்றால் ஒரே பன்னாவில், ஒரே தையலில் முடியும். வாடிக்கையாளர் 'ஒரு அடி விட்டம்' என்று கேட்டதும் தலையாட்டிவிட்டால், 37.7 அங்குலச் சுற்றளவுக்குத் தையலையும் சேர்த்து 38.7 அங்குலம் வேண்டும். 36 பன்னா போதாது. 44 பன்னாவில் வெட்ட வேண்டும். மிஞ்சும் ஐந்து அங்குலப் பட்டையை வீணாக்காமல் சுருக்குக்கும் தோரண நுனிக்கும் வைத்துக்கொள்ளலாம். 44 பன்னாவை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால் 13½ அங்குல வளையம் சரியாக அமையும்.

இந்தக் கணக்கெல்லாம் நனைத்து உலர்த்திய துணிக்கே பொருந்தும். காடாவும் பாப்ளினும் தண்ணீர் பட்டால் சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால்கூட 36 அங்குலம் 35 ஆகிவிடும். தையல் போக 34. அப்போது 11 அங்குல வளையம் நுழையாது, 10½ தான் நுழையும். ஆகவே துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, அளந்த பிறகே வளையத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். வளையத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு துணியை இழுத்துப் பிடிப்பது தலைகீழ் வேலை.

சாயம் போகிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். சிவப்பும் கறுப்பும்தான் மோசம். ஈரமான வெள்ளைத் துண்டால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி வெள்ளைத் தாமரைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. முதல் மழைச் சாரலிலேயே தாமரை ரோஜாவாகிவிடும்!

வேலை வரிசை எளிது. உருவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையால் ஓரம் மடித்துத் தைப்பதானால் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். ஜிக்ஜாக் போடுவதானால் அட்டை அளவே போதும். அடித்துணியில் வைத்து நூலோட்டம் போட்டு, பிறகு தைத்து, நூலோட்டத்தை உருவிவிட வேண்டும். ஒட்டு வேலை முழுவதையும் துணி தட்டையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். குழாயாக மூட்டிய பின் உள்ளே கைவிட்டுத் தைப்பது ஆகாத காரியம். உள்துணி, சுருக்கு, குஞ்சம் இவற்றை வைத்து மூட்டுவது கடைசி வேலை.

வைப்பறை

நிறவாரியாகக் கட்டுங்கள், அளவுவாரியாகக் கட்டினால் தேடிக்கொண்டே இருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு வைத்த மூட்டை பூசணம் பிடிக்கும். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே பரண் அல்லது தரையிலிருந்து இரண்டு அடி உயர அலமாரி வேண்டும். முடிந்த தொம்பைகளை வளையத்தோடு தட்டையாக அமுக்கித் தகரப் பெட்டியில் வைக்கலாம். உள்ளே வசம்போ காய்ந்த வேப்பிலையோ போட்டு, மாதம் ஒரு முறை வெயிலில் காட்ட வேண்டும். வெயில் என்றால் இள வெயில்.

தீ

மேலே சொன்னவற்றில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் உயிர் போகும். 1997 ஜூன் 7-ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40 பேருக்கு மேல் இறந்தனர். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் பற்றிய தீயில் மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் மாண்டனர். திருக்கடையூரில் நடக்கும் சாந்திகளில் ஹோமம் உண்டு. சுற்றி அமர்ந்திருப்பவர்கள் எழுந்து ஓட முடியாத வயதுடையவர்கள்.

நைலானும் பாலியெஸ்டரும் தீயில் உருகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடம் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காட்டன் உருகாது, ஆனால் எரியும். காட்டனுக்கு ஒரு மலிவான பாதுகாப்பு இருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் 70 கிராம் வெண்காரமும் 30 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, துணியை முழுக்க நனைத்து, முறுக்காமல் உலர்த்த வேண்டும். பிறகு ஒரு சிறு துண்டை வெளியே எடுத்துப்போய் இடுக்கியில் பிடித்து நெருப்பு வைத்துப் பாருங்கள். கருகும், நெருப்பை எடுத்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுபடி நனைக்க வேண்டும். இது தண்ணீரில் கரைந்துபோகும் காப்பு என்பதால் துணியைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டாக வேண்டும். நிறம் மாறுகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். பாலியெஸ்டருக்கு இந்தக் கரைசலை நம்பக் கூடாது. பவுடர்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் கெடுதி.

எந்தக் காப்பு போட்டாலும் ஹோம குண்டத்துக்கு நேர் மேலே அஸ்மானகிரி கட்டக் கூடாது. சுவாலைக்கும் துணிக்கும் பத்தடியாவது இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. மண்டபக்காரர் வற்புறுத்தினால் அந்த ஆர்டர் வேண்டாம். 'காட்டன், தீக் காப்பு செய்தது' என்று எழுதிக் கொடுக்கக்கூடிய சரக்கு நைலான்காரரிடம் இல்லை. விலையில் அவரோடு போட்டி போட முடியாத நமக்கு அதுவே விற்பனை வாதம்.

விலையும் வாடகையும்

கணக்குப் புரிவதற்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நான்கடித் தொம்பை ஒன்றுக்கு அடித்துணி ரூ.120, உள்துணி ரூ.60, சுருக்கும் குஞ்சமும் ரூ.60, வளையமும் நூலும் ரூ.40, ஆகப் பொருள் ரூ.280. எட்டு மணி நேர உழைப்பு, மணிக்கு ரூ.60 வீதம் ரூ.480. அடக்கம் ரூ.760. வீட்டுப் பெண்கள் தைப்பதால் கூலி இல்லை என்று ரூ.280-ஐ அடக்கமாகப் போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டு ரூ.500-க்கு விற்றால் லாபம் ரூ.220 அல்ல, நஷ்டம் ரூ.260. வெளியாள் ஒருவரை வைக்க நேரும் நாளில் அது தெரியவரும்.

விற்பதைவிட வாடகைக்கு விடுவது இந்த ஊருக்குப் பொருந்தும். ஒரு விசேஷத்துக்கு ரூ.100 என்று வைத்தால் எட்டு விசேஷங்களில் அடக்கம் திரும்பும். ஆனால் துவைக்கும் செலவும் தீக் காப்பும் அதில் சேர வேண்டும். பன்னிரண்டு தொம்பை, இரண்டு தோரணம், ஒரு விதானம் கொண்ட ஒரு செட்டோடு தொடங்கினால் போதும். ஒவ்வொன்றின் உள்பக்கமும் நம்பர் தைத்து, கொடுத்த தேதி, திரும்பிய தேதி, சேதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அட்வான்ஸ் வாங்காமல் கொடுக்கக் கூடாது, சொந்தக்காரராக இருந்தாலும்.

பதிவும் வரியும்

உத்யம் பதிவு இலவசம். ஆதாரை வைத்து நாமே செய்துகொள்ளலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வீட்டு மின் இணைப்பிலேயே தொழில் நடத்தினால் பிறகு அபராதம் வரக்கூடும். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துத் தனி இணைப்பு வாங்கிவிடுவது நல்லது. சிறு மோட்டாரைவிட இஸ்திரிப் பெட்டிதான் மீட்டரை ஓட்டும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வாடகையும் தையல் கூலியும் சேவைக் கணக்கில் வருபவை. அவை சேர்ந்தால் வரம்பு ரூ.20 லட்சம். ஏற்கெனவே கடைக்குப் பதிவு இருந்தால் அதே பான் எண்ணில் நடத்தும் பட்டறையின் வரவும் அந்தக் கணக்கில்தான் சேரும். இன்னொன்று: பக்கத்திலிருக்கும் காரைக்கால் நமக்கு உள்ளூர் மாதிரி என்றாலும் சட்டப்படி புதுச்சேரி. அங்கே சரக்கை விற்றால் வெளிமாநில விற்பனை. வரம்புக்குள் இருப்பவருக்கும் பொதுவாகப் பதிவு தேவைப்படும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் தொம்பை அந்தப் பட்டியலில் வருகிறதா, மெஷினில் தைத்ததற்கும் அது பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காரைக்காலுக்குப் பில் போடுங்கள்.