துளை போட்டா, வயிற்றைத் திறந்தா? கர்ப்பப்பை வாய்ப் புற்று ஆபரேஷன் பற்றி ஒரு பாடம்



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் உள்கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தார். வயது 44. கர்ப்பப்பை வாயில் புற்று, ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "துளை போட்டு செஞ்சா மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம், தழும்பும் தெரியாதாம். வயித்தக் கிழிச்சா ரெண்டு மாசம் வேலைக்குப் போக முடியாது. செலவு கூடத்தான், ஆனா துளை போட்டே செஞ்சுக்கலாம்னு மகன் சொல்றான். கொஞ்சம் சேத்துக் குடுங்கக்கா" என்றார். "பாவம், குடுத்துடலாம்" என்றார்கள் எல்லோரும். ஊக்குநர் மட்டும், "ரெண்டு நாள் பொறுங்கக்கா, விசாரிச்சுட்டு வர்றேன்" என்றார். அவர் விசாரித்து வந்ததுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். கட்டிக்காகவோ அதிக உதிரப்போக்குக்காகவோ கர்ப்பப்பையை எடுப்பது வேறு. புற்றுக்காக எடுப்பது வேறு. புற்று என்றால் கர்ப்பப்பை, அதன் வாய், சுற்றியுள்ள சதை, பிறப்புறுப்பின் மேல்பகுதி, இடுப்புக்குள் இருக்கும் நெறிகள் வரை எடுக்க வேண்டியிருக்கும். பெரிய ஆபரேஷன். இதை அடிவயிற்றைத் திறந்தும் செய்யலாம்; சிறு துளைகள் போட்டு, வாயு செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமரா விட்டு டிவியில் பார்த்தும் செய்யலாம்.

துளை போட்டால் வலி குறைவு, ரத்த சேதம் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். இதெல்லாம் நிஜம்தான். பித்தப்பைக்கும் சாதாரணக் கட்டிக்கும் அது நல்ல முறை. அதனால் இந்தப் புற்றுக்கும் அதுவே நல்லது என்று உலகமெங்கும் டாக்டர்களே நம்பியிருந்தார்கள்.

பல நாடுகளில் 33 மருத்துவமனைகள் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தன. ஆரம்ப நிலைப் புற்று உள்ள 631 பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல 312 பேருக்கு வயிற்றைத் திறந்தும், 319 பேருக்குத் துளை போட்டும் செய்தார்கள். ரோபோ வைத்துச் செய்ததும் இந்தத் துளைக் கணக்கில்தான். முடிவு 2018-ல் வந்தது. திறந்து செய்தவர்களில் 7 பேருக்கு நோய் திரும்பியது. துளை போட்டவர்களில் 27 பேருக்கு. இறந்தவர்கள் அங்கே 3, இங்கே 19. வித்தியாசம் தெரிந்ததுமே, 2017-ல், புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2024-ல் வந்த கடைசிக் கணக்கும் இதையே சொன்னது: நாலரை வருடம் கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள், திறந்து செய்ததில் நூற்றுக்கு 96, துளையில் 85.

ஏன் இப்படி? உறுதியான பதில் இன்னும் இல்லை. கர்ப்பப்பையை அசைக்க உள்ளே விடும் கருவி புற்றுக்கட்டியை நசுக்கி, செல்கள் சிதறி வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். வாயுவும் அதற்குத் துணை போகலாம் என்று சந்தேகப்படுகிறார்கள்.

ஏற்கெனவே துளை போட்டுச் செய்துகொண்டவர்கள் இதைப் படித்து அழ வேண்டாம். அந்த 85 பேரை மறக்காதீர்கள். சொன்ன தேதியில் செக்கப் போவதை மட்டும் விடக்கூடாது.

இன்னொரு விஷயம். ஆபரேஷனே ஆரம்ப நிலைக்குத்தான். நோய் சுற்றிலும் பரவிவிட்டால் கத்தி வைக்க மாட்டார்கள். கரண்ட் வைப்பதும் அதோடு மருந்து ஏற்றுவதும்தான் வைத்தியம். "ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க, கைவிட்டுட்டாங்க" என்று நினைத்து நாட்டு மருந்துக்குப் போய்விடுகிறோமே, அது பெரிய தப்பு. அதேபோல, வெள்ளைப்படுகிறது என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னால், முதலில் வாயைப் பரிசோதித்தீர்களா என்று கேளுங்கள். புற்று இருப்பது தெரியாமல் சாதாரணமாக எடுத்துவிட்டால் அப்புறம் வைத்தியம் சிக்கலாகிவிடும்.

டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். "எந்த ஸ்டேஜ்? திறந்து செய்வீங்களா, துளையா? ஏன்? இந்தப் புற்று ஆபரேஷன் அடிக்கடி செய்றவங்கதான் செய்வாங்களா? காப்பீட்டு அட்டை செல்லுமா?" என்று கேளுங்கள். கட்டியின் அளவைப் பொறுத்து அவர் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது அவர் கடமை.

30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அமிலம் தடவி ஒரு நிமிடம் பார்க்கும் பரிசோதனைதான். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்து, இந்தப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2007-ல் உலகமே பார்த்த கணக்கு அது. உடலுறவுக்குப் பின் ரத்தம், தீட்டு நின்றபின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளை இருந்தால் வயதைப் பார்க்காமல் உடனே போங்கள்.

அந்த உறுப்பினர் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் வயிற்றைத் திறந்தே செய்துகொண்டார். காப்பீட்டு அட்டையில் முடிந்தது. வாங்கிய உள்கடன் ஐயாயிரம், போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும். இரண்டு மாதம் அவர் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டது குழுவினர். முறை போட்டு, நோட்டில் எழுதி.