கரி மின்முனையைத் தொடப்போகும் மகளுக்கு

உணரிகள் செய்யும் ஆய்வகத்தில் காலெடுத்து வைக்கிறாய், மகளே. இத்தனை காலம் கரியோடு பழகியவன் உனக்குச் சொல்ல நினைப்பவை இவை.

1. மெருகேற்றும் வேலையை இன்னொருவர் கையில் கொடுக்காதே. கிளாஸி கார்பன் வட்டு 3 மில்லிமீட்டர்தான். நடப்பதெல்லாம் அதன் மேற்பரப்பில். அலுமினாப் பொடியில் 1, 0.3, 0.05 மைக்ரான் என்று படிப்படியாக இறங்கு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி வை, இடையில் நன்றாகக் கழுவு. கை அவசரம் கரியில் கீறலாகும். என் ஆசிரியர் புது மாணவர்களுக்கு முதலில் கருவியைக் காட்டமாட்டார், தேய்க்கத்தான் சொல்வார். எட்டு வடிவில் கை சுழல்வதைப் பார்த்தே ஆளின் பொறுமையை அறிந்துவிடுவார்.

2. மெருகேற்றிய மின்முனையை ஃபெரிசயனைடில் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் வரும் இரு முகடுகளின் இடைவெளி 59 மில்லிவோல்ட்டை நெருங்கினால் நல்ல அறிகுறி. ஆனால் கரிப்பரப்பில் உள்ள ஆக்சைடுக்கும் அழுக்குக்கும் ஃபெரிசயனைடு வளைந்துகொடுக்கும். ருத்தேனியம் ஹெக்சமீன் அவ்வளவாக வளையாது. இரண்டு சாட்சிகளையும் விசாரி.

3. மின்னோட்டம் பெரிதாக வந்தால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படு. கார்பன் நானோகுழாய் ஹைட்ரஜன் பெராக்சைடை அருமையாக உணர்கிறது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். குழாயில் தங்கிப்போன இரும்பு ஆக்சைடுத் துகள்களே அந்த வேலையைச் செய்கின்றன என்று 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழுவினர் காட்டினார்கள். 2020-இல் மார்ட்டின் புமேரா குழுவினர் கிராஃபீனில் பறவை எச்சத்தைச் சேர்த்தார்கள். அதுவும் வினையூக்கத்தைக் கூட்டியது! எதைச் சேர்த்தாலும் எண் ஏறுமென்றால், ஏறியதில் நமக்கு என்ன பெருமை? ஆகவே வெறும் மின்முனை, பூசிய மின்முனை, பூச்சில் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்ட மின்முனை மூன்றையும் ஒரே நாளில் ஓட்டு. வெறும் கரி தந்த வளைகோட்டை அறிக்கையில் மறைக்காதே. மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

4. தோற்றதையும் குறித்து வை. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ், பாதரசத் துளி மின்முனையைப் போலக் கரியைச் சொட்டவைக்க முயன்றார். அது கைகூடவில்லை. அந்த முயற்சியில் கிடைத்த கெட்டிப் பசையை அவர் வீசிவிடவில்லை. 1958-இல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். இன்றும் நாம் கரிப்பசை குழைக்கிறோம்.

5. சுத்தமான பஃபர் கரைசலில் டோபமைன் அழகாகத் தெரியும். மூளைத் திரவத்திலோ அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, அதைவிடப் பல மடங்கு அதிகம். ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் அதுவும் ஆக்சிஜனேற்றம் அடையும். இரண்டையும் கலந்து சோதித்துப் பார். இதே தொல்லை நோயாளியின் கையிலும் உண்டு. குளுக்கோமீட்டர்ப் பட்டைகள் பலவற்றிலும் அச்சிட்ட கரிதான் இருக்கிறது. வைட்டமின் சி மிக அதிகமாக ஏற்றப்பட்ட நோயாளிக்குச் சில மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. விரலைக் குத்திக்கொள்பவர் உன் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை, எண்ணை மட்டுமே பார்ப்பார். ஒரு பட்டையில் சரியாக வந்தது போதாது, கண்ணு. வெவ்வேறு நாளில் அச்சிட்டவற்றை, ரத்தத்திலேயே, சோதித்துவிட்டு என்னிடம் கொண்டு வா.