மூன்று மணிக்கு முடிகிற நாள்: நைனார்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு

மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்ததும் யாராவது ஒருவர், “இந்த லீவுக்கு எல்லாரும் ஒரு வண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டு வரலாமா?” என்பார். அந்தப் பேச்சு ஒழுங்கான பயணமாக முடிய என்ன செய்ய வேண்டும் என்பதைப் பல வருஷமாகச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு போய் வந்த அனுபவத்தில் எழுதுகிறேன். மலையில் மத்தியானம் மூன்று மணிக்கு நாள் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும்.

தேதி

ஐப்பசி, கார்த்திகையில் அருவிகளில் தண்ணீர் அதிகம். ஆனால் வெள்ளம் வந்தால் வனத்துறை தடை போட்டுவிடும், வண்டி பிடித்த காசு வீண். சித்திரை, வைகாசியில் பாறைதான் மிச்சம். மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் சரியான காலம். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள். அன்று அருவியைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

முன்வேலை

பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் தலைவர், புறப்படுவதும் நிறுத்துவதும் அவர் சொல்படி. இன்னொருவர் வால்: எல்லோருக்கும் பின்னால் வருவதும், வண்டி கிளம்பும்முன் தலை எண்ணுவதும் அவர் வேலை. ஒரு வருஷம் எண்ணாமல் கிளம்பி, நாலைந்து வளைவு இறங்கிய பிறகுதான் மச்சினன் மகன் அருவிக்கரையிலேயே நிற்பது தெரிந்தது. திரும்பிப் போனபோது அவன் நிம்மதியாக நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

சாலையோர அருவிக்கும் படகுத்துறைக்கும் போவது ஒன்று, காட்டுக்குள் நடப்பது வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் நடப்பதென்றால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்காதீர்கள். மேகம் அருவி, கவியம் அருவி என்று இளவட்டங்கள் ஆசைப்படும். பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிற கூட்டத்துக்கு அவை ஆகாது. மலையேற்றம்தான் வேண்டுமென்றால் 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. இணையத்திலேயே பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பையில் என்ன? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுத்துணி, பிடிப்புள்ள செருப்பு, ஒரு டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வாந்திக்கு எலுமிச்சம்பழம். சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. வாழையிலை போதும்; ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை. டீசலும் பணமும் சின்னசேலத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு: முதலில் கோமுகி அணை

சின்னசேலத்தில் நெடுஞ்சாலையைத் தாண்டி கச்சிராயபாளையம் சாலையைப் பிடித்தால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. உயரம் 46 அடி. கல்வராயனில் பிறக்கும் கோமுகி ஆறு இங்கே தேங்கி, பிறகு மணிமுத்தாற்றோடு சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது. பெரும்பாலான வண்டிகள் இங்கே பத்து நிமிஷம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். என்னைக் கேட்டால், அன்றைக்கு உயிரினம் பார்க்க நல்ல வாய்ப்பு இங்கேதான், அதுவும் வெயில் ஏறுவதற்குள்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்; எதிர்வெயிலில் பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அதன் இறகு தண்ணீரில் நனையும். அதனால்தான் ஆழமாக முங்கி மீன் பிடிக்க முடிகிறது, அதனாலேயே வெயிலில் உட்கார வேண்டியிருக்கிறது. இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரம் செல்போனைத் தொடாது. ஆளுக்கொரு சின்ன நோட்டுக் கொடுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நிறம், அலகு, கால், என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதட்டும். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பேர் தேடலாம்.

மலை ஏறியபின்

வளைவுகளில் மெதுவாக ஏறினால் வழியிலேயே பெரியார் அருவி. குளிக்கும் முன் தலைவர் ஐந்து நிமிஷம் தண்ணீரை மட்டும் பார்க்கட்டும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வந்தாலும், இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலும், விழுகிற சத்தம் கனத்தாலும் எல்லோரும் உடனே கரையேற வேண்டும். பையை எடுக்கத் திரும்பக்கூடாது. பாசி படிந்த பாறையில் ஏறிப் படம் எடுப்பதும், ஆழம் தெரியாத குட்டையில் மேலிருந்து குதிப்பதும் கூடவே கூடாது. குடித்தவரைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். அவர் மாமாவாக இருந்தாலும் சரி.

பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் புகை, சென்ட் வாசனை, கூச்சல் மூன்றும் ஆகாது. கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வண்டிக்கு ஓடிக் கதவைச் சாத்துங்கள். தண்ணீருக்குள் முங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; தலை தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும்.

அடுத்து கரியாலூர் படகுத்துறை. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டினால்தான் அது ஜாக்கெட். இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

“மாமா, கரடி பார்க்கலாமா?” ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை கேட்கும். பார்க்காமல் இருப்பதே நல்லது என்பேன். கரடி முகர்ந்து வாழும் பிராணி. புற்றில் மூக்கை விட்டுக் கரையானை உறிஞ்சும்போது பக்கத்தில் ஆள் வருவதுகூட அதற்குத் தெரியாது. திடுக்கிட்டுத்தான் பாயும். பங்குனியில் இலுப்பைப்பூ உதிரும்போதும், ஆனி ஆடியில் நாவல்பழம் விழும்போதும் மரத்தடிகளில் கவனம் தேவை. நடக்கிற இடத்தில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே சேர்ந்து போங்கள், பிள்ளைகள் நடுவில். எதிர்ப்பட்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கரடிக்குப் பதில் அதன் தடத்தைத் தேடச் சொல்லுங்கள்: தோண்டிய புற்று, கொட்டை நிறைந்த எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல். காட்டுமாட்டின் குளம்புத்தடமும் அப்படித்தான். குரங்குக்கு ஒரு பொரிகூடப் போடாதீர்கள். நீங்கள் போடுகிற முறுக்குக்கு அடுத்த வண்டிக்காரர் கையைக் கடித்து அது வசூல் செய்யும்.

மலை ஊர்க்காரர்கள்

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பேரில் மட்டும்தான் மலையாளம், பேசுவது தமிழ். நெடுங்காலம் ஜாகிர்தார்கள் என்ற மூன்று பரம்பரைத் தலைவர்களின் ஆட்சியில் இருந்த மலை இது. 1976இல்தான் ஜாகிர் முறை ஒழிந்தது. சாமை, கடுக்காய், புளி, தேன் கிடைத்தால் வாங்குங்கள். நகரத்துக் கடையில் பேரம் பேசாத நாம் இங்கே மட்டும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டையோ ஆளையோ படம் எடுக்குமுன், “எடுக்கலாமாம்மா?” என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று மணி: இறக்கம்

ஒரு இடம் பாக்கி இருந்தாலும் இறங்கிவிடுங்கள். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சாயங்காலம் மூடுபனி வளைவுகளை விழுங்கிவிடும். ஓட்டுநரும் காலை ஐந்து மணியிலிருந்து வண்டி ஓட்டுகிறார். வண்டி இரண்டாவது கியரிலேயே இறங்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும்.

பயணத்தில் எப்போதாவது யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே இறங்குங்கள். விஷமுறிவு மருந்துக்கு அரசு மருத்துவமனைதான் போக வேண்டிய இடம். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக் கடியால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். கடித்தது தெரியாது, காய்ச்சல் தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். உரிய மாத்திரையில் குணமாகிற நோய்தான், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், “டாக்டர், நாங்க கல்வராயன் மலைக்குப் போயிட்டு வந்தோம்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.