நாளையும் போய் நிற்பதே பொறுமை

பொறுமை என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அய்யா வைகுண்டர் காட்டிய பொறுமை அதுவன்று. திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் பட்ட பாடு அவரை மாற்றவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வழிபட வேண்டும் என்பதை அவர் விடவில்லை.

அதே திருவிதாங்கூரில் பின்னாளில் நடந்தது வைக்கம் போராட்டம். அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924 மார்ச் 30-ந் தேதி குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்ற மூவர் தடையை மீறப் போனார்கள். பணிக்கர் நாயர், அவருக்கு அந்தத் தெருவில் தடையே இல்லை. ஆனாலும் மற்ற இருவரோடுதான் போவேன் என்று நின்றார். மூவரும் சிறை சென்றனர். மறுநாளும் ஆட்கள் வந்தார்கள்.

தலைவர்கள் கைதானதும் ஈரோட்டுக்கு அழைப்பு வந்தது. நம் பள்ளிபாளையத்துக்கு அக்கரைதான் ஈரோடு. அங்கே வசதியாக வாழ்ந்த ஈ.வெ.ராமசாமி புறப்பட்டார். முதலில் ஒரு மாதம் அருவிக்குட்டிச் சிறை. விடுதலையானவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. திரும்பவும் போராட்டத்துக்கே போனார். இம்முறை திருவனந்தபுரத்தில் கடுங்காவல். அவர் மனைவி நாகம்மையாரும் வைக்கம் சென்று பெண்களைத் திரட்டினார். சாமி விஷயத்தில் அன்பர்கள் அவரோடு ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் பிறருக்காக அவர் பட்ட பாட்டை மறைப்பது தர்மம் ஆகாது.

அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்தது. தொண்டர்கள் வெள்ளத்துக்குள்ளேயே முறை வைத்து நின்றார்கள்.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. 1936 நவம்பர் 12-ல்தான் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. முதல் நாள் நடந்த மூவரும் பலனை எண்ணிப் பார்த்திருந்தால் அடி எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

தாங்கலில் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டுவிட்டு, ஊருக்குள் போனதும் சாதிக் கணக்குப் பார்த்தால் அந்த அன்னத்துக்கு என்ன மரியாதை? குடிதண்ணீர்க் குழாயிலோ டீக்கடையிலோ ஒருவர் ஒதுக்கப்பட்டால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இன்று பலிக்காவிட்டால் நாளையும் நில்லுங்கள். கோவிந்தப் பணிக்கர் செய்தது அதுதான்.

அய்யா உண்டு.