கலங்கிய ரேடியேட்டர் நீரிலிருந்து ஒரு பாடம்

தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் பயிலும் மாணவர்கள் பட்டறையில் பெரும்பாலும் கையாளப்போவது, பலர் கைமாறிய பழைய டீசல் எஞ்சின்களைத்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கலங்கல். 'தண்ணீரை மாற்றினால் போதும்' என்று விட்டுவிட்டால், சில நாட்களில் எஞ்சின் சூடேறி முடங்கும். அதை நம்பியிருப்பவரின் பிழைப்பும் முடங்கும். ஆகவே, காரணம் அறிந்து பழுது நீக்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே விதைக்க வேண்டும்.

அடையாளம் காணல்

கலங்கலின் நிறத்தை மாணவர்களையே நோக்கச் செய்யலாம்.

1. செம்பழுப்பு நிறம்: வெறும் தண்ணீர் ஊற்றியதால் இரும்புப் பாகங்களில் ஏற்பட்ட துரு.
2. வெண்படிவு: கடின நீரிலுள்ள கால்சியம் உப்புகள். இது வெப்பத்தை எளிதில் கடத்தாது.
3. பால் கலந்த காப்பி போன்ற கூழ்: எண்ணெய்க் கலப்பு. ஆயில் கூலர் பழுது, ஹெட் கேஸ்கெட் சிதைவு, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம்.

சிந்திக்க வைக்கும் வினா

"ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தால் எது எதனுள் புகும்?" என்று கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம். எனவே எண்ணெய் நீருக்குள் செல்லும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். சூடான நீரின் அழுத்தம் சிறிது நேரம் நீடிக்கும். அப்போது நீர் எண்ணெய்க்குள் புகலாம். எனவே டிப்ஸ்டிக்கையும் சோதிப்பது கட்டாயம். ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழ்கள் வந்தால், எரிவாயுக் கசிவை ஐயுற வேண்டும்.

தூய்மைப்படுத்தும் வரிசை

முதலில் பழுதைச் சரிசெய்ய வேண்டும். பிறகே கழுவ வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, நுரை குறைந்த சலவைத்தூள் கரைசலை நிரப்பி எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு வடிக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் மறையும்வரை இதைத் திரும்பச் செய்க. அடுத்து, துருவும் படிவும் நீங்க நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசல். பின் தெளிந்த நீர் வரும்வரை அலசல். எண்ணெய் பூசிய பரப்பில் அமிலம் சரியாகப் படியாது. அதனால்தான் இந்த வரிசை. அலுமினிய ரேடியேட்டருக்குச் சலவைச் சோடா ஆகாது; அது உலோகத்தை அரிக்கும். எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட வேண்டும். இறுதியாகக் கூலன்டும் வாலை வடிநீரும் சரிபாதி கலந்து நிரப்பலாம். உறைபனி இல்லாத ஊரிலும் கூலன்ட் தேவை. அது துருவைத் தடுத்து, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

வகுப்பறைச் செயல்பாடு

இரு கண்ணாடிப் புட்டிகளில் நீரும் சிறிது எண்ணெயும் எடுத்துக்கொள்க. ஒன்றில் மட்டும் சலவைத்தூள் சேர்த்து, இரண்டையும் குலுக்கி வைக்கச் சொல்லுங்கள். எதில் எண்ணெய் விரைவில் பிரிந்து மிதக்கிறது? பத்தாம் வகுப்பில் சோப்பின் செயல்பாட்டைக் கற்பிக்கும்போதும் இது கைகொடுக்கும்.

பாதுகாப்பு

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. வடித்ததை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடிய கலனில் சேர்த்து முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.

மதிப்பீடு

"கழுவி நிரப்பிய ஒரு வாரத்தில் மீண்டும் காப்பி நிறக் கூழ் தென்பட்டால், எதை முதலில் சோதிப்பாய்? ஏன்?" இதற்குக் காரணத்தோடு விடை சொல்லும் மாணவரிடம் எஞ்சினை நம்பி ஒப்படைக்கலாம்.