எல்லாவற்றுக்கும் துரோகம்தானா?

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய சிறுகதை மொழிபெயர்ப்பைப் படித்தேன். நடை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் மூன்றாம் பக்கத்தில், போலீஸ்காரர் முன்னால் நிற்கிற அந்தப் பெண்ணின் குரல் ‘அவளுடைய பயத்துக்குத் துரோகம் செய்தது’ என்று எழுதியிருக்கிறாய். குரல் எப்படியம்மா துரோகம் செய்யும்? மூலத்தில் இருப்பது ‘பெட்ரே’. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டாய். போதாததற்குக் கடிதத்தின் அடியில் கேள்வி வேறு: பெட்ரேயல், ட்ரீசன், ட்ரெச்சரி, பெர்ஃபிடி, செடிஷன் எல்லாவற்றுக்கும் துரோகம் என்று போட்டால் என்ன தப்பு? தப்புதான்.

பெட்ரே என்பதற்குள் இருப்பது ‘டிராடெரே’ என்ற லத்தீன் வினை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பது. ட்ரீசனும் ட்ரெயிட்டரும் அதிலிருந்து வந்தவை. டிரடிஷனும் அதிலிருந்து வந்ததுதான். 303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் வேத ஏடுகளைப் பறித்து எரிக்கச் சொன்னபோது, பயந்துபோய் ஏடுகளைக் கொடுத்துவிட்ட பாதிரிமார்களை ‘டிராடிடோர்’ என்றார்கள். இதை வைத்து வட ஆப்பிரிக்கத் திருச்சபை நூறாண்டுக்கு மேல் இரண்டுபட்டுக் கிடந்தது. அந்தக் கதைக்குள் நுழைந்தால் நான் வெளியே வர மாட்டேன், விடு. தமிழ் பைபிளில் யூதாஸுக்கு என்ன வினை வருகிறது பார்: காட்டிக்கொடுத்தல். ‘மறைச்சுதான் பேசினான், முகம் காட்டிக்கொடுத்துடுச்சு’ என்று நாம் தினமும் சொல்வதும் அதே வினைதான். உன் வாக்கியத்துக்கு அதுவே போதும். பெட்ரேயலுக்கு உள்நோக்கம் கட்டாயமில்லை. தெரியாமலும் நடக்கும், முகமும் குரலும்கூடச் செய்யும்.

ட்ரீசன் அப்படியல்ல. அது சட்டத்தின் சொல். இங்கிலாந்தில் 1351-இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் எழுதிய சட்டத்தில்தான் அதன் வரையறை இருக்கிறது: மன்னனைக் கொல்ல நினைப்பது, அவன்மேல் போர் தொடுப்பது, அவன் எதிரிகளோடு சேர்வது முதலியவை. மனைவி கணவனைக் கொன்றாலும் வேலைக்காரன் எஜமானைக் கொன்றாலும் அதில் ‘சின்ன’ ட்ரீசன். 1828 வரை இது நீடித்தது. ஏன்? யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் இந்தக் குற்றத்தின் உயிர். விசுவாசக் கடமை உள்ளவன்தான் ட்ரீசன் செய்ய முடியும்.

இதைப் புரியவைக்க வில்லியம் ஜாய்ஸ் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வானொலியிலிருந்து ஆங்கிலேயரை மிரட்டிக் கேலி பேசியவன். ‘லார்ட் ஹா-ஹா’ என்று பட்டப்பெயர். 1945 மே மாதம், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஒரு காட்டில், பேச்சுக்கொடுத்த பிரிட்டிஷ் அதிகாரிகள் குரலை வைத்தே அவனைக் கண்டுகொண்டார்கள். (பார்த்தாயா, குரல் அவனைக் காட்டிக்கொடுத்தது!) வழக்கு நடந்தபோது ஒரு சிக்கல். அவன் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில்; அப்பா அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். பிரிட்டிஷ் பிரஜையே அல்லாதவன் பிரிட்டிஷ் மன்னனுக்கு எப்படித் துரோகியாவான்? அந்த அடிப்படையில் வைத்த இரண்டு குற்றச்சாட்டுகளும் விழுந்தன. மூன்றாவது நின்றது. அயர்லாந்தில் பிறந்ததாகப் பொய் சொல்லி அவன் ஒரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியிருந்தான். அது 1940 ஜூலை 2 வரை செல்லும். மன்னனின் பாதுகாப்பைக் கேட்டு வாங்கியவனுக்கு அந்தத் தேதிவரை விசுவாசக் கடமையும் உண்டு என்றது நீதிமன்றம். பிரபுக்கள் சபை நீதிபதிகளில் நால்வர் ஒப்பினார்கள், ஒருவர் மறுத்தார். 1946 ஜனவரி 3 அன்று தூக்கிலிட்டார்கள். பொய் சொல்லி வாங்கிய தாளே அவன் கழுத்துக்குக் கயிறானது. தீர்ப்பு சரியா என்று என்னைக் கேட்டால், மறுத்த அந்த ஒருவர் பக்கம்தான் சாய்வேன்.

மறுநாளே, ஜனவரி 4 அன்று, தியோடர் ஷர்ச் என்ற சிப்பாய் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். எதிரிக்கு உளவு சொன்னவன். அவன்மேல் இருந்த குற்றத்தின் பெயர் ட்ரெச்சரி. 1940-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். பாராசூட்டில் குதிக்கிற ஜெர்மன் ஒற்றனுக்கு மன்னனிடம் என்ன விசுவாசம்? அவன்மேல் ட்ரீசன் வழக்கு நிற்காதே! எதிரிக்கு உதவும் நோக்கத்தோடு செய்தானா என்பதை மட்டும் பார்க்கிற சட்டம் அது. அடுத்தடுத்த நாளில் இரண்டு தூக்கு, இரண்டு வேறு சொற்கள். இன்னமும் இரண்டும் ஒன்றுதான் என்பாயா?

சட்டத்துக்கு வெளியே ட்ரெச்சரி என்றால் நயவஞ்சகம். ‘ட்ரிக்’ என்ற சொல்லின் உறவுக்காரன். டிராடெரே குடும்பத்தில் சேராதவன். பாசி படிந்த படிக்கட்டையும் ட்ரெச்சரஸ் என்பார்கள், நம்பி மிதித்தவனை வழுக்கிவிடுவதால்.

பெர்ஃபிடி, கொடுத்த வாக்கை ஆயுதமாக்குவது. எதிரிக்குக்கூட இதைச் செய்யலாம். வெள்ளைக்கொடி காட்டி, நெருங்கி வந்தவனைச் சுட்டால் பெர்ஃபிடி. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை, 37-ஆம் பிரிவு இதைத் தடைசெய்கிறது. இலைதழை மூடி ஒளிந்திருந்து சுடுவதை அதே பிரிவு போர்த்தந்திரம் என்று அனுமதிக்கிறது. ‘நம்பிக்கை மோசடி’ என்று போட்டுக்கொள், சீட்டுக்கம்பெனி வாடை அடித்தாலும் பரவாயில்லை.

செடிஷன்தான் எனக்கு எரிச்சல் ஊட்டுவது. இதில் வஞ்சகமும் இல்லை, மறைவும் இல்லை. அரசின்மேல் வெறுப்பை மூட்டும்படி பேசினாய், எழுதினாய் என்பதுதான் 2024 வரை இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின் குற்றச்சாட்டு. 1908-இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்களே, ஒன்று அவர் பேசியதற்கு, மற்றது சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. பட்டப்பகலில், கூட்டத்தின் முன்னால் நின்று பேசியவர் அவர். அன்றைக்கு அதை ராஜத்துரோகம் என்றார்கள். ராஜா போனபின் தேசத்துரோகம் என்கிறார்கள். அரசைத் திட்டுவதும் தேசத்தை விற்பதும் ஒன்றா? தொலைக்காட்சியில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு அகராதி வாங்கிக் கொடுக்க எனக்கு வசதியில்லை. நீயாவது ‘அரச நிந்தனை’ என்று எழுது.

ஜாய்ஸ் வழக்கை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ரெபெக்கா வெஸ்ட். அவருடைய ‘தி மீனிங் ஆஃப் ட்ரீசன்’ 1947-இல் வந்தது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார். இல்லையென்றால் எழுது, என் பிரதியை அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறேன், அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய ஆங்கில ஆசிரியர்